எம்.ஐ.ஏ.: லண்டன் மேடையில் ஓர் ஈழத்து அகதிப் பெண்

2020 ஜனவரியில் லண்டன் பக்கிங்காம் அரண்மனையில் இளவரசர் வில்லியம் ஒரு பெண்ணுக்கு எம்.பி.இ. என்ற பதக்கத்தை அணிவித்தார். இசைத்துறையில் ஆற்றிய பணிக்காகப் பிரிட்டிஷ் அரசு வழங்கிய விருது அது. அந்தப் பதக்கத்தைத் தாங்கும் நாடா கையால் தைக்கப்படுவது. விருது வாங்கிய பெண்ணின் தாயார், அகதியாக லண்டனுக்கு வந்தபின் பல ஆண்டுகள் குறைந்தபட்சக் கூலிக்கு இதே நாடாக்களைத் தைத்தவர். தாயின் அந்த உழைப்புக்கு மரியாதை செய்யவே இந்த விருதைப் பெற்றுக்கொள்வதாக மகள் சொன்னார்.

அந்த மகளின் பெயர் மாதங்கி அருள்பிரகாசம். வீட்டில் மாயா. உலகம் அறிந்த பெயர் எம்.ஐ.ஏ.

நமது பிள்ளைகளில் பலருக்கு இந்தப் பெயர் தெரியும். பெற்றோர்களுக்கு அநேகமாகத் தெரியாது. கைப்பேசியில் ஓடும் சின்னச் சின்ன வீடியோக்களின் பின்னணியில், துப்பாக்கிச் சத்தமும் கல்லாப்பெட்டி திறக்கும் சத்தமும் கலந்த ஒரு பாட்டு வந்தால், அது அவருடையது. அவர் தமிழச்சி என்று தெரிந்ததும் பிள்ளைகளுக்கு ஒரு பெருமை. அடுத்து ஒரு கேள்வியும் வருகிறது: "அவங்க முஸ்லிமா?" 2012இல் வந்த ஒரு பாடல் காட்சியில் அரபு நாட்டுப் பாணியில் தலையை மூடிய பெண்கள் பாலைவனச் சாலையில் கார் ஓட்டுவார்கள். அதைப் பார்த்தவர்கள் கேட்பதுதான் இந்தக் கேள்வி. சவூதியில் பெண்களுக்கு வாகனம் ஓட்ட அனுமதி இல்லாதிருந்த காலத்தில் வந்த காட்சி அது. படமாக்கப்பட்டது மொராக்கோவில். எம்.ஐ.ஏ. முஸ்லிம் அல்லர். யாழ்ப்பாணத்து இந்துத் தமிழ்ப் பெயர் தாங்கியவர், பின்னாளில் ஈஸா (அலை) அவர்களைக் கிறித்தவ முறைப்படி நம்புவதாகப் பேட்டிகளில் வெளிப்படையாகச் சொன்னவர்.

அப்படியானால் இந்தப் பக்கத்தில் அவருக்கு என்ன வேலை? அவருடைய கதையில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. சொல்லப்படாமல் விடப்பட்ட பங்கு அது. அதற்கு வருமுன் அவர் யார் என்று பார்த்துவிடுவோம்.

மாயா பிறந்தது 1975 ஜூலை 18ஆம் தேதி, லண்டனின் மேற்குப் பகுதியான ஹவுன்ஸ்லோவில். தந்தை அருள்பிரகாசம் பொறியாளர், ஈரோஸ் என்று அறியப்பட்ட ஈழப் புரட்சிகர மாணவர் அமைப்பை லண்டனில் தொடங்கியவர்களில் ஒருவர். அருளர் என்பது இயக்கப் பெயர். 1977 இனக்கலவரத்துக்குப் பின் கொழும்பிலிருந்து வடக்கே அகதிகளை ஏற்றிச் சென்ற கப்பலைக் களமாக வைத்து 'லங்கா ராணி' என்ற நாவலை எழுதியவரும் இவரே. மேற்கத்தியப் பத்திரிகைகள் பல இவரைப் புலிகள் இயக்கத்தவர் என்று எழுதிவிட்டன. ஈரோஸ் வேறு, விடுதலைப் புலிகள் வேறு. தொடக்க கால ஈரோஸ் இளைஞர்கள் லெபனானுக்குப் போய்ப் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தாரிடம் பயிற்சி பெற்றார்கள் என்பது இன்னொரு செய்தி.

குழந்தைக்கு ஆறு மாதமானபோது குடும்பம் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியது. தந்தை தலைமறைவு வாழ்க்கை. எப்போதாவது வீட்டுக்கு வந்தால், பிள்ளைகள் வெளியே வாய்தவறிச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, உறவுக்காரர் என்றே அறிமுகம் செய்யப்பட்டாராம். பெற்ற தகப்பனை யாரோ என்று நினைத்து வளரும் பிள்ளையின் மனம் எப்படி இருக்கும்! தாய் கலா மூன்று பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்திலும், சிறிது காலம் சென்னையிலும், மறுபடி யாழ்ப்பாணத்திலுமாக அலைந்தார். 1981இல் யாழ் நூலகம் எரிந்தது, 1983இல் கறுப்பு ஜூலை. 1986இல் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு லண்டனுக்கே அகதியாகப் போய்ச் சேர்ந்தார். மாயாவுக்கு அப்போது பதினோரு வயது நிறையவில்லை.

தெற்கு லண்டனில் மிச்சம் என்ற பகுதியிலுள்ள அரசுக் குடியிருப்பில் வீடு கிடைத்தது. ஆங்கிலத்தை அங்கேதான் கற்றார். வெள்ளை இளைஞர்களின் இனவெறித் தொல்லை ஒரு பக்கம், பக்கத்து வீடுகளிலிருந்து கேட்ட கறுப்பினத்தவரின் ராப் இசை இன்னொரு பக்கம். அந்த இசையைத்தான் அவர் பற்றிக்கொண்டார். பிறகு சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் என்ற புகழ்பெற்ற கலைக் கல்லூரியில் திரைப்படமும் காணொளிக் கலையும் படித்தார். முதலில் அவர் ஓவியர். 2001இல் லண்டனில் நடந்த அவரது கண்காட்சியில் புலி, பனைமரம், துப்பாக்கி ஆகியவற்றை அச்சுத்தகடு வைத்துத் தெளித்த வண்ணப் படங்கள் இருந்தன. இந்தப் புலியைப் பற்றிப் பின்னால் பேச வேண்டியிருக்கிறது.

எம்.ஐ.ஏ. என்பது ஆங்கிலத்தில் இராணுவக் குறிச்சொல். போர்க்களத்தில் காணாமல் போனவன் என்று பொருள். இலங்கையில் காணாமல் போன தன் உறவினர் ஒருவரை நினைத்தே இந்தப் பெயரை வைத்துக்கொண்டதாக அவர் சொல்லியிருக்கிறார். அந்த நாட்டில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார்கள் 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரப் பந்தல்களில் பிள்ளைகளின் புகைப்படங்களை ஏந்தியபடி உட்கார்ந்தார்கள் என்பதை நினைத்தால் அந்த மூன்று எழுத்தின் கனம் புரியும்.

2003இல் முதல் பாடல் ஐந்நூறே பிரதிகளாக வெளிவந்து கைக்குக் கை பரவியது. 2005இல் முதல் தொகுப்பு, பெயர் 'அருளர்'. எங்கே இருக்கிறார் என்றே தெரியாத தந்தை தன் பெயரைப் பார்த்தாவது தேடி வரமாட்டாரா என்ற ஆசை. 2007இல் இரண்டாவது தொகுப்பு, அதற்குத் தாயின் பெயர்: 'கலா'. அமெரிக்காவில் வேலை செய்ய விசா கிடைக்காததால் ஊர் ஊராகச் சுற்றி அதைப் பதிவு செய்தார். சென்னையில் பதிவு செய்த உறுமி மேளம் அதில் இடம்பெற்றது. நமது பக்கத்துக் கோவில் கொடைகளில் கேட்கும் அந்த மேளத்தை நியூயார்க் இளைஞர்கள் கேட்டு ஆடினார்கள்.

துப்பாக்கிச் சத்தமும் கல்லாப்பெட்டிச் சத்தமும் வரும் பாட்டு இந்தத் தொகுப்பில் உள்ளதுதான். அதன் பெயர் 'காகித விமானங்கள்' என்று பொருள்படும். அது கொள்ளையைப் போற்றும் பாட்டு என்று பலர் நினைக்கிறார்கள். விசா வரிசையில் நிற்கும் ஏழை வெளிநாட்டுக்காரனை மேற்கத்தியர் எப்படிப் பார்க்கிறார்கள், "இவன் நம் பணத்தைப் பறிக்க வந்தவன்" என்ற அவர்களுடைய அச்சம் எப்படிப்பட்டது என்பதைக் கேலி செய்யும் பாட்டு அது. அமெரிக்கத் தொலைக்காட்சிகள் துப்பாக்கிச் சத்தத்தை அமுக்கிவிட்டு ஒலிபரப்பின. அப்படியும் 2008இல் அமெரிக்கப் பாடல் வரிசையில் நான்காம் இடம்வரை போனது. 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்திலும் சேர்க்கப்பட்டது. அதே படத்தில் ஏ.ஆர். ரஹ்மானோடு சேர்ந்து அவர் பாடிய 'ஓ சாயா' ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. விருது ரஹ்மானின் 'ஜெய் ஹோ'வுக்குக் கிடைத்தது. ஒரு தமிழ் முஸ்லிமும் ஓர் ஈழத் தமிழ்ப் பெண்ணும் ஒரே ஆண்டில் ஒரே படத்துக்காக ஹாலிவுட்டின் வாசலில் நின்றார்கள். அந்தச் செய்தி அப்போது நம் பத்திரிகைகளில் ரஹ்மானின் படத்தோடு மட்டுமே வந்தது.

இசையைப் பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை இமாம்கள் இசைக்கருவிகளைத் தடுத்தே இருக்கிறார்கள், தஃப் போன்றவற்றுக்கு விலக்குடன். இமாம் இப்னு ஹஸ்ம் போன்றோர் அந்தத் தடைக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றார்கள். இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் கேட்பவரின் நிலை, பாடப்படும் பொருள் ஆகியவற்றைப் பொறுத்துப் பிரித்துப் பேசுகிறார்கள். தக்கலை பீர்முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சியை இரவெல்லாம் கூடி ஓதும் மாவட்டம் நம்முடையது, அதை விமர்சிக்கும் சகோதரர்களும் இங்கேயே இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அந்த வழக்கைத் தீர்க்க வரவில்லை. எம்.ஐ.ஏ.யின் ஆட்டமும் உடையும் நமது பிள்ளைகளுக்கு முன்மாதிரி அல்ல என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்காது. ஒருவருடைய தொழிலை ஏற்காமலேயே அவருடைய வாழ்க்கையை அறிந்துகொள்ளலாம் அல்லவா?

நஜாஷியின் அவையும் தொலைக்காட்சி நேர்காணலும்

2009 ஜனவரி. வன்னியில் போர் இறுதிக் கட்டத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. நிருபர்களை இலங்கை அரசு உள்ளே விடவில்லை. அந்த நேரத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் டாவிஸ் ஸ்மைலி என்ற நெறியாளரின் நிகழ்ச்சிக்கு எம்.ஐ.ஏ. வந்தார். பாட்டைப் பற்றிப் பேச அழைக்கப்பட்டவர், தம் மக்கள் இனப்படுகொலைக்கு ஆளாகிறார்கள் என்றார். அடுத்த மாதம் கிராமி விழா மேடையில் நிறைமாத கர்ப்பிணியாக, பிரசவத் தேதி என்று மருத்துவர் குறித்துக் கொடுத்த அதே நாளில் பாடினார். மூன்று நாள் கழித்து ஆண் குழந்தை பிறந்தது. தனக்கு நல்ல மருத்துவமனையில் பிரசவம் ஆகும், வன்னியில் மருத்துவமனைகள் மீது குண்டு விழுகிறது என்ற எண்ணம் அந்த நாட்களில் அவரை விட்டு அகலவில்லை. மே மாதம் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது.

இதற்கு அவர் பெற்ற பட்டம், "பயங்கரவாதத்தை ஆதரிப்பவர்". இலங்கை அரசின் ஆதரவாளர்களும் சில மேற்கத்திய எழுத்தாளர்களும் அப்படித்தான் எழுதினார்கள். 2010இல் நியூயார்க் டைம்ஸின் வார இதழ் அவரைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று வெளியிட்டது. அகதிகளைப் பற்றிப் பேசிக்கொண்டே விலையுயர்ந்த உருளைக்கிழங்கு வறுவலைச் சாப்பிட்டார் என்று அதில் ஒரு குத்தல். அதை ஆர்டர் செய்யச் சொன்னது நிருபர்தான் என்பதற்கு எம்.ஐ.ஏ. ஒலிப்பதிவை வெளியிட்டார். கூடவே கோபத்தில் அந்த நிருபரின் தொலைபேசி எண்ணையும் ட்விட்டரில் போட்டுவிட்டார். முன்னது நியாயம், பின்னது அநியாயம். பத்திரிகை பிறகு கட்டுரைக்கு ஒரு திருத்தக் குறிப்பு சேர்த்தது.

அகதியாகப் போனவர் தனக்காகத் தானே பேசவேண்டிய நிலை நமது வரலாற்றுக்குப் புதிதல்ல. மக்காவின் கொடுமை தாங்காமல் முதல் முஸ்லிம்கள் ஹபஷாவுக்குப் போனார்கள். அங்கேயும் விடவில்லை குறைஷிகள். பரிசுப் பொருட்களோடு தூதர்களை அனுப்பி, இவர்கள் எங்கள் ஊரிலிருந்து ஓடிவந்த விவரமறியாத இளைஞர்கள், எங்களிடம் ஒப்படைத்துவிடுங்கள் என்று மன்னரிடம் கேட்டார்கள். அப்போது ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) எழுந்து பேசினார்கள். தாங்கள் முன்பு எப்படி இருந்தோம், என்ன மாறியது, ஏன் துரத்தப்பட்டோம் என்று எடுத்துச் சொன்னார்கள். கிறித்தவ மன்னர் நஜாஷி அகதிகளை ஒப்படைக்க மறுத்துவிட்டார். ஆளோடு ஆளை ஒப்பிடவில்லை நாம், அஸ்தக்ஃபிருல்லாஹ். நிலைமையைச் சொல்கிறோம். துரத்தியவனின் தூதர் ஒரு பக்கம் நின்று "இவர்கள் குற்றவாளிகள்" என்று சொல்லும்போது, அகதியின் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழாவிட்டால் மன்னனுக்கு ஒரு கதைதான் கேட்கும்.

ஆனால் எழும் குரலுக்கும் ஒரு கண்ணியம் வேண்டும். 2012 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிகப்பெரிய விளையாட்டு நிகழ்ச்சியான சூப்பர் பௌலின் இடைவேளை மேடையில் மடோனாவுடன் பாடினார். பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் பார்த்த நேரலையில் கேமராவை நோக்கி நடுவிரலைக் காட்டினார். லீக் நிர்வாகம் அவரிடம் பல மில்லியன் டாலர் இழப்பீடு கேட்டது. 2014இல்தான் சமரசமானது. அவருடைய ரசிகர்கள் இதை வீரம் என்கிறார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. முள்ளிவாய்க்காலைப் பற்றி ஒரு சொல் சொல்லியிருக்கக் கூடிய மேடையில் ஒரு விரலைக் காட்டிவிட்டு வந்தது வீண். அடுத்த நாள் உலகம் விரலைப் பற்றித்தான் பேசியது, வன்னியைப் பற்றி அல்ல.

முஸ்லிம்கள் விஷயத்தில் அவர் நிலைப்பாடு என்ன என்று பார்த்தால், பல இடங்களில் நமக்காகப் பேசியிருக்கிறார். முதல் தொகுப்பிலிருந்த ஒரு பாடலில் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் பெயர் வருகிறது. அதை நீக்கினால்தான் ஒளிபரப்புவோம் என்றது எம்.டிவி. 2015இல் சிரியா அகதிகள் கடலில் மூழ்கிக்கொண்டிருந்தபோது, எல்லைகள் என்ற பொருளில் ஒரு பாடலை வெளியிட்டார். படகு நிறைய மனிதர்கள், முள்வேலியில் ஏறும் மனிதர்கள், அவ்வளவுதான் அதன் காட்சி. அதில் அவர் அணிந்திருந்த பனியனில், விமான நிறுவனத்தின் விளம்பர வாசகத்தைக் கேலியாக மாற்றியிருந்ததற்காக பாரிஸ் கால்பந்துக் கழகம் அவருக்கு வக்கீல் கடிதம் அனுப்பியது. படகில் நின்றவர்களைப் பற்றி அந்தக் கடிதத்துக்கு எந்தக் கவலையும் இல்லை!

2016இல் ஒரு லண்டன் பத்திரிகைக்கு அளித்த பேட்டியில் கறுப்பின உயிர்களுக்காகக் குரல் கொடுக்கும் அமெரிக்க நட்சத்திரங்கள் முஸ்லிம் உயிர்களுக்காகவும் சிரியா உயிர்களுக்காகவும் குரல் கொடுப்பார்களா என்று கேட்டார். அதனால் எதிர்ப்புக் கிளம்பி, லண்டனில் நடக்கவிருந்த ஓர் இசை விழாவின் முதன்மை மேடையை இழந்தார். கேட்ட விதம் சிலரைப் புண்படுத்தியது உண்மை. ஆனால் ஒரு முஸ்லிமல்லாத பாடகி நமக்காகக் கேள்வி கேட்டு மேடையை இழந்தார் என்பதும் உண்மை.

சொல்லப்படாத 1990

இனி அந்தப் புலியைப் பற்றி.

எம்.ஐ.ஏ.யைப் பற்றி மேற்கத்திய ஏடுகள் எழுதிய கதையில் இரண்டே தரப்புகள்: சிங்களப் பெரும்பான்மை, தமிழ்ச் சிறுபான்மை. அதில் தமிழ் பேசும் முஸ்லிம் என்று ஒருவர் இல்லை. அவர் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த காலத்தில் நகரின் சோனகத் தெருவில் முஸ்லிம்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள். ஐவேளை பாங்கு ஒலித்தது. ஒஸ்மானியா கல்லூரியில் முஸ்லிம் பிள்ளைகள் தமிழில் படித்தார்கள். தையல்கடை, இரும்புக்கடை, நகைத்தொழில், மாட்டு வியாபாரம் என்று ஊரோடு ஒன்றிய வாழ்க்கை.

மாயா லண்டனுக்குப் போய் நான்கு ஆண்டுகள் ஆன பிறகு, 1990 ஆகஸ்ட் 3ஆம் தேதி இரவு, கிழக்கே காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷா தொழுதுகொண்டிருந்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. சிறுவர்கள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஸஃபிலேயே ஷஹீதானார்கள். அக்டோபர் கடைசியில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அக்டோபர் 30ஆம் தேதி அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். நகையும் பணமும் சோதனைச் சாவடிகளில் பறிக்கப்பட்டன. மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, யாழ்ப்பாணம் ஆகிய ஐந்து மாவட்டங்களிலுமாக எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் விரட்டப்பட்டார்கள். பெரும்பாலோர் புத்தளத்தில் ஓலைக் குடிசைகளில் ஒதுங்கினார்கள். அங்கேயே ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து திருமணமும் முடித்துவிட்டது.

பதினைந்து வயதில் லண்டன் பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரு பெண்ணை இதற்குக் குற்றம் சொல்வது அநியாயம். அவருடைய தந்தையின் இயக்கமும் இதைச் செய்யவில்லை. தாம் பயங்கரவாதத்தை ஆதரிக்கவில்லை என்றும், பொதுமக்களுக்காகவே பேசுவதாகவும் அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தப் புலிச் சின்னத்தைச் சுவரோவியமாகவும் உடையாகவும் லண்டன் இளைஞர்கள் அணிந்து திரிந்தபோது, புத்தளத்து முகாமில் இருந்த ஒரு தாய்க்கு அது என்னவாகத் தெரிந்திருக்கும்? ஒருவருக்குப் பாதுகாப்பின் சின்னமாக இருப்பது இன்னொருவருக்கு இரண்டு மணி நேர அவகாசத்தின் சின்னமாக இருக்கிறது. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் சந்திப்பில் புலிகளின் தலைமையே இந்த வெளியேற்றத்துக்கு வருத்தம் தெரிவித்தது. அந்த அளவாவது அந்தக் கதை பாப் உலகத்துக்குப் போய்ச் சேரவில்லை.

இதைச் சொல்வதால் முள்ளிவாய்க்காலில் மடிந்தவர்களின் துயரம் குறைந்துவிடாது. சூரத்துல் மாயிதாவின் எட்டாவது வசனம் நீதியைப் பற்றிக் கட்டளையிடுவது, நம்மை நேசிப்பவர்களிடம் மட்டும் அதைக் கடைப்பிடிப்பதற்காக அல்ல. 1990ஐ நினைத்து 2009ஐக் கண்டுகொள்ளாமல் விட்டவர்களும் நம் சமூகத்தில் உண்டு. முன்னதைச் செய்தவன் கையில் துப்பாக்கி இருந்தது, பின்னதில் இறந்தவர்களில் பெரும்பாலோர் கையில் குழந்தை இருந்தது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தக் கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் முதலில் நாமே.

நமது மாவட்டத்துக்கு இது தூரத்துச் செய்தியும் அல்ல. கொழும்புக்குப் பிழைக்கப் போன பாட்டனார்களின் கதை குளச்சல், தேங்காய்ப்பட்டணம், திருவிதாங்கோடு வீடுகளில் இன்னும் பேசப்படுகிறது. பெருமாள்புரத்திலும் பழவிளையிலும் ஞாறான்விளையிலும் கோழிவிளையிலும் இலங்கையிலிருந்து வந்தவர்களின் முகாம்கள் இருக்கின்றன. அங்கே பிறந்த பிள்ளைகள் நமது பிள்ளைகளோடு கல்லூரி பஸ்ஸில் வருகிறார்கள். தமிழக அரசு 2021இல் அகதி முகாம் என்ற பெயரை மாற்றி மறுவாழ்வு முகாம் என்று அழைக்கச் சொன்னது. பெயர் மாறியது, குடியுரிமை வரவில்லை. 2019 டிசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளை மட்டும் குறிப்பிட்டது. இலங்கை அதில் இல்லை. ஆறு மதங்களைக் குறிப்பிட்டது. இஸ்லாம் அதில் இல்லை. அந்தச் சட்டத்தின் வாசலுக்கு வெளியே ஈழத் தமிழரும் முஸ்லிம்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். முகாம் பிள்ளைகளுக்கு நமது மஹல்லாக்கள் என்ன செய்திருக்கின்றன என்று ஜமாஅத் கூட்டங்களில் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

எம்.ஐ.ஏ.யின் பிற்காலம் சுருக்கமாகச் சொல்லக் கூடியது. அவருடைய கல்லூரி நண்பர் ஸ்டீவ் லவ்ரிட்ஜ் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் 2018இல் சன்டான்ஸ் விழாவில் நடுவர் சிறப்புப் பரிசு பெற்றது. பெரும்பகுதி அவரே இளமையிலிருந்து எடுத்து வைத்திருந்த வீட்டுக் காணொளிகள். 2020இல் அவர் பங்கேற்ற ஒரு பாடல் அமெரிக்க வரிசையில் முதலிடத்தைப் பிடித்தது. அதே ஆண்டு கொரோனா காலத்தில், தடுப்பூசியைப் போட்டுக்கொள்வதைவிடச் சாவதே மேல் என்ற பொருளில் எழுதி ஒரு பத்திரிகையில் இடம்பெறும் வாய்ப்பை இழந்தார். செல்பேசிக் கோபுரங்களின் அலைவீச்சுக்குப் பயந்து அதைத் தடுக்கும் துணிகளை விற்கவும் தொடங்கினார். அநீதியைப் பற்றிச் சரியாகப் பேசியவர் மருத்துவத்தைப் பற்றியும் சரியாகத்தான் பேசுவார் என்று பிள்ளைகள் நம்பிவிடக் கூடாது. போலியோ சொட்டு மருந்தைப் பற்றி ஒரு காலத்தில் நம் தெருக்களில் உலவிய வதந்திகளை மறந்துவிடவில்லை நாம். மருத்துவத்தை மருத்துவரிடம்தான் கேட்கவேண்டும்.

இலங்கையில் போர் முடிந்த பிறகு நடந்ததையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும். தமிழர்கள் மீதிருந்த பேரினவாதத்தின் பார்வை முஸ்லிம்கள் பக்கம் திரும்பியது. 2014இல் அளுத்கமையில் கடைகளும் வீடுகளும் எரிந்தன. 2018இல் திகன. 2019 ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களில் ஸஹ்ரானின் கூட்டம் நடத்திய படுகொலை மார்க்கத்தில் பெரும்பாவம். அதற்குத் தண்டனை அனுபவித்ததோ அதில் எந்தத் தொடர்புமில்லாத முஸ்லிம் குடும்பங்கள். 2020இல் கொரோனாவில் இறந்தவர்களைக் கட்டாயம் எரிக்க வேண்டும் என்று கொழும்பு அரசு உத்தரவிட்டது. பிறந்து சில நாட்களே ஆன குழந்தையின் ஜனாஸாவும் அந்த உத்தரவுக்குத் தப்பவில்லை.

2021 பிப்ரவரி தொடக்கத்தில் கிழக்கே பொத்துவிலிலிருந்து வடக்கே பொலிகண்டிவரை ஒரு நடைபயணம் நடந்தது. நீதிமன்றத் தடைகளையும் ஆணிப் பலகைகளையும் தாண்டி ஐந்து நாட்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கு நீதி வேண்டும் என்ற தமிழ்த் தாய்மார்களின் கோரிக்கையோடு, முஸ்லிம்களின் ஜனாஸாக்களை எரிக்காதே என்ற கோரிக்கையும் அதே பதாகைகளில் இருந்தது. வழியில் முஸ்லிம் ஊர்களில் மக்கள் தெருவுக்கு வந்து சேர்ந்துகொண்டார்கள். காத்தான்குடி இருக்கும் கிழக்கிலும், சோனகத் தெரு இருக்கும் யாழ்ப்பாணத்திலும் தமிழரும் முஸ்லிமும் ஒன்றாக நடந்தார்கள். அந்த மாதக் கடைசியில் அடக்கம் செய்ய அனுமதித்து அரசிதழ் வந்தது. மார்ச் 5ஆம் தேதி ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் மண்ணில் இறக்கப்பட்டன.